லயத்துப் பொதுக்குழாய்

கேரளத்தில் மலையடிவாரத்து ஊரான வித்துராவுக்கு என்னை மாற்றியபோது எனக்கு நாற்பத்திரண்டு வயது. தண்ணீர் இலாகாவில் ஓவர்சியர் வேலை. சொந்த வீடு பாறசாலைப் பக்கம். கணவரும் மகளும் அங்கே. தினமும் மூன்று பஸ் மாறிப் போய்வர முடியாது என்பதால், சந்தைக்கு எதிரே ஒரு துணிக்கடையின் மாடியில் அறை எடுத்துத் தங்கினேன். திங்கள் விடியலில் கிளம்பி வருவேன். சனிக்கிழமை சாயங்காலம் திரும்பிவிடுவேன். ஞாயிறு ஆராதனைக்கு ஊரில் இல்லாவிட்டால் மாமியார் முகம் ஒரு வாரம் சரியாகாது.

என்னை அனுப்பியது ஒரே ஒரு வேலைக்கு. ஊரிலிருந்த பொதுக்குழாய்களை மூட வேண்டும். குன்றின்மேல் புது டேங்க் கட்டி, தெருவெல்லாம் பிளாஸ்டிக் குழாய் பதித்து, வீட்டுக்கு வீடு மீட்டர் வைத்தாகிவிட்டது. பழைய இரும்பு லைன் இனித் தேவையில்லை. ஒவ்வொரு பொதுக்குழாயாகப் போய், அதை நம்பியிருந்த வீடுகளுக்கெல்லாம் இணைப்பு கிடைத்துவிட்டதா என்று பார்த்து, லைனைத் துண்டித்து மூடி போட்டு, ஒரு வாரம் கழித்துக் குழாயைப் பிடுங்கி எடுக்க வேண்டும். யாரும் எதிர்க்கவில்லை. அடுப்படிக்கே தண்ணீர் வந்தபிறகு தெருக்குழாய் யாருக்கு வேண்டும்? ஆனாலும் பிடுங்கும் நேரத்தில் பெண்கள் வாசலில் வந்து நிற்பார்கள். பிடுங்கியபின் சிமெண்ட் மேடை நடுவில் தெரியும் ஓட்டையை ஒரு தடவை பார்த்துவிட்டு உள்ளே போவார்கள்.

எனக்குத் துணை, குழாய் பொருத்தும் ஒரு பிட்டர். மலையாளி, என் வயதுதான், ஊர்க்காரர். எப்போதும் ஏதாவது வேடிக்கை பேசிக்கொண்டே வேலை செய்வார். பழைய லைனின் வரலாறு எந்தக் கோப்பிலும் முழுதாக இல்லை. அலுவலகத்திலிருந்த வரைபடம் ஆற்றங்கரைப் பம்ப் ஹவுஸில் தொடங்கி ஊரின் மேல்கோடியில் முடிந்துவிடும். அதற்கு முந்தையதெல்லாம் பிட்டர் டீக்கடையில் கேட்டுச் சேர்த்து வைத்திருந்ததுதான்.

அவர் சொன்னபடி, தண்ணீர் முதலில் வந்தது ஊருக்கு அல்ல, மலைமேலிருந்த ஓர் எஸ்டேட்டுக்கு. துரைமார் ஓடையில் சின்னத் தடுப்பு ஒன்று கட்டி, பங்களாவுக்கும் தேயிலை பேக்டரிக்கும் குழாய் இழுத்தார்கள். மிச்சம் லயங்களுக்கு, அதாவது தொழிலாளர்களின் வரிசை வீடுகளுக்குப் போனது. அப்புறம் அதே குழாய் கீழிறங்கி ஆஸ்பத்திரிக்கும் சந்தைக்கும் நீண்டது. சந்தையில் முதன்முதலில் தண்ணீர் வந்த அன்று கடைக்காரர்கள் குழாய்க்கு மாலை போட்டார்களாம். கரண்ட் வந்ததெல்லாம் அதற்குப் பல வருடங்கள் கழித்து. பிறகு அரசாங்கம் ஆற்றில் பம்ப் வைத்தது. அன்றோடு தண்ணீரின் திசை மாறிப்போயிற்று. மலையிலிருந்து ஊருக்கு இறங்கிக்கொண்டிருந்தது, ஊரிலிருந்து மலைப்பக்கம் ஏறத் தொடங்கியது. எஸ்டேட்டும் நொடித்துப் பூட்டிக் கிடந்தது. லயத்து ஜனங்களில் பலர் அடிவாரத்தில் கிடைத்த துண்டு நிலங்களில் வீடு கட்டிக்கொண்டார்கள். ஊர் அதைக் காலனி என்றாலும் அவர்கள் வாயில் அது இன்றும் லயம்தான். கொழுந்து கிள்ள திருநெல்வேலிப் பக்கமிருந்து வந்தவர்களின் பேரப்பிள்ளைகள். படிப்பு மலையாளத்தில், வீட்டில் தமிழ்.

நான் கடைசியாக மூட வேண்டியிருந்தது அந்த லயத்துக் குழாய்.

துலா மழை, அதாவது ஐப்பசி மழை, தொடங்கியிராத நேரம். ஒரு புதன்கிழமை, காலனிக்குக் கீழே, மெயின் ரோட்டிலிருந்து பிரியும் இடத்தில் லைனை அறுத்து மூடி போட்டோம். அடுத்த வாரம் கான்ட்ராக்டரின் ஆட்கள் குழாயைப் பிடுங்கப் போனார்கள். போன வேகத்தில் திரும்பி வந்தார்கள். குழாயில் தண்ணீர் வருகிறது, நீங்கள் சரியாக அடைக்கவில்லை என்றார் கான்ட்ராக்டர்.

நானும் பிட்டரும் போய்க் குழியைத் தோண்டிப் பார்த்தோம். போட்ட மூடி போட்டபடி இருந்தது. மூடிக்குப் பின்னால், காலனிப் பக்கம் போகும் அறுந்த முனையில் பிட்டர் கையை விட்டார். குழாயை அடைத்துக் கிடந்த துருதான் உள்ளங்கை நிறைய வந்தது. கொஞ்சம் ஈரம். அந்த முனையையும் மரக்கட்டை வைத்து அடித்து இறுக்கினோம்.

காலனிப் பெண்களிடம் கேட்டேன். ஒருத்தி சொன்னாள், காலையில் ஏழு அடிக்கக் கொஞ்சம் முன்னால் வரும், கால் மணி நேரம் ஓடும், நின்றுவிடும் என்று. எத்தனை நாளாக என்று கேட்டதற்கு அவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். குழாயை எடுக்காமல் இருக்கக் கதை கட்டுகிறார்கள் என்றுதான் நினைத்தேன்.

மறுநாள் ஆறரைக்கே போய்க் குழாயடியில் நின்றேன். மூடல்மஞ்சு என்று ஊர் சொல்லும் பனி இறங்கி ரப்பர் மரங்களின் அடிப்பாகம் மட்டும் தெரிந்தது. நாலைந்து பெண்கள் வாளியோடு காத்திருந்தார்கள். மேடையின் ஓரத்தில் அறுபது கடந்த ஒரு பெண் உட்கார்ந்து பித்தளைச் செம்பு ஒன்றைப் புளி போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தாள். ஏழு மணிக்குக் கால் மணி இருக்கும்போது குழாய் மனிதர் தொண்டையைச் செருமுவது போல் ஒரு சத்தம் போட்டது. பிறகு காற்று. நீண்ட மூச்சு, உள்ளே எங்கிருந்தோ. அது நின்றதும் பழுப்பாகக் கொஞ்சம் துப்பிவிட்டுத் தெளிந்த தண்ணீராக விழுந்தது.

கையை நீட்டினேன். விரல் எலும்பு வரை குளிர்ந்தது. ஆற்றுத் தண்ணீர் டேங்கில் நின்று வருவதற்கு அப்படியொரு குளிர்ச்சி இருக்காது. வாளிகள் ஒவ்வொன்றாக நிறைந்தன. கடைசி வாளி நிறைந்ததும் ஓரத்தில் இருந்த பெண் எழுந்து, செம்பிலிருந்த புளிச்சக்கையைத் தட்டி உதறுகிறவள் போலக் குழாயின் தண்டில் மூன்று தடவை தட்டினாள். இரண்டு நிமிடத்தில் தண்ணீர் மெலிந்து நின்றது. நான் அந்தத் தட்டலைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. நான் பார்த்துக்கொண்டிருந்தது வாளியில் மிதந்த ஒன்றை. வெள்ளையாக ஓர் இதழ். பக்கத்தில் நின்றவள் அதை எடுத்து என் கையில் வைத்து, தேயிலைப்பூ என்றாள்.

ஊரில் தேயிலை இல்லை. பூட்டிக் கிடக்கும் எஸ்டேட்டில்தான் அது மரமாக வளர்ந்து பூத்துக் கிடந்தது.

அந்த வாரமே ஒரு ஹர்த்தால் வந்தது. பஸ் இல்லை, கடை இல்லை. ஆள் நடமாட்டமில்லாத அப்படியொரு காலை, கசிவு தேடுகிறவர்களுக்கு வாய்ப்பது அபூர்வம். எங்களிடம் ஆள் உயர இரும்புக் கம்பி ஒன்று உண்டு. ஒரு முனையைக் குழாயில் ஊன்றி, கிண்ணம்போல் குழிந்த மறுமுனையில் காதை வைத்துக் கேட்க வேண்டும். மண்ணுக்குள் தண்ணீர் ஓடுகிற சத்தம், கசிகிற சத்தம் எல்லாம் காதுக்கு வந்துவிடும். காலனிக்கு மேலே, ரப்பர் தோட்டத்தின் விளிம்பில், மண் அரித்துப் பழைய குழாய் வெளியே தெரிகிற ஓர் இடம் இருந்தது. நானும் பிட்டரும் அங்கே போய்க் காத்திருந்தோம். அங்கிருந்து காலனி தெரியாது.

நேரம் நெருங்கியதும் கம்பியில் காதை வைத்தேன். முதலில் ஒன்றுமில்லை. பிறகு இரும்பு திருகுகிற நீண்ட முனகல். அதைத் தொடர்ந்து தண்ணீர் என் காலடியைக் கடந்து கீழே போயிற்று. கால் மணி நேரம் போல அந்த ஓட்டத்தைக் கேட்டுக்கொண்டிருந்தேன். அப்புறம் தட்டல் கேட்டது. மலைப்பக்கமிருந்து, வெகுதூரத்தில். மூன்று. நிதானமாக, கதவைத் தட்டுகிறவரைப் போல. ஒரு சின்ன இடைவெளி. பிறகு கீழேயிருந்து, இன்னும் தெளிவாக, மூன்று. தண்ணீர் நின்றது.

கம்பியைப் பிட்டரிடம் கொடுத்தேன். அவர் கேட்டபோது எல்லாம் முடிந்திருந்தது. நான் கேட்டதைச் சொன்னதும் அவர் முகத்தில் வேடிக்கை போய்விட்டது. ஃபோன் இல்லாத காலத்தில், மேலே வால்வு திறக்கிற ஆளும் கீழே குழாயடியில் இருப்பவர்களும் குழாயைத் தட்டித்தான் பேசிக்கொள்வார்கள் என்று தன் அப்பா சொன்னதாகச் சொன்னார். மேலே மூன்று தட்டினால், போதுமா என்று கேள்வி. கீழே மூன்று தட்டினால், போதும் மூடு என்று பதில். எஸ்டேட்டிலும் பிறகு இலாகாவிலுமாக அந்த வேலை பார்த்த கடைசி வால்வுக்காரர் ஓய்வுபெற்று எத்தனையோ வருடங்கள் ஆயிற்று. அந்த ஆள் இருக்கிறாரா என்று கேட்டேன். இறந்துபோனதாகத்தான் ஞாபகம் என்றார் பிட்டர்.

மறுநாள் விடிந்ததும் குழாயைப் பிடித்துக்கொண்டே மேலே ஏறினோம். ரப்பர் முடிந்ததும் காடாகிப்போன தேயிலை. அட்டைக்குப் பயந்து செருப்பில் உப்புத் தடவிக்கொண்டிருந்தோம். வெள்ளை இதழ்கள் பாதை முழுக்கச் சிதறிக் கிடந்தன. மஞ்சு அடர்த்தியாக இருந்ததால் பிட்டரின் முதுகைப் பார்த்தபடிதான் நடந்தேன். திடீரென்று அவர் நின்றார். என் கையைப் பிடித்து இழுத்து நிறுத்தினார்.

முன்னால் புதர்கள். புதர்களுக்கு மேலே, வெறும் காற்றில், வால்வைத் திருகும் நீண்ட இரும்புச் சாவியின் குறுக்குக் கைப்பிடி தனியாகச் சுற்றிக்கொண்டிருந்தது. கிறீச் கிறீச்சென்று, மெதுவாக. பிட்டர் வாய்க்குள் ஏதோ ஜெபம் சொன்னார். அவர் இந்து, நான் தேவாலயத்துக்காரி. சொல்ல வேண்டிய நான் சும்மா நின்றேன்.

சாவி நின்றது. புதருக்குப் பின்னாலிருந்து ஒரு தலை எழும்பியது. காக்கிச் சட்டை, நரைத்த தாடி. வால்வு இருக்கும் குழிக்குள் இறங்கி நின்று திறந்துகொண்டிருந்த மனிதர். எழுபதுக்கு மேல் இருக்கும். எங்களைப் பார்த்து அவருக்கு ஆச்சரியமே இல்லை. என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, “புது ஓவர்சியரா?” என்று தமிழில் கேட்டார்.

ஆமாம் என்றேன்.

“சந்தை டேங்க் நெறஞ்சாச்சா?”

சந்தை டேங்கை இடித்த இடத்தில்தான் நான் தங்கியிருக்கும் துணிக்கடை நிற்கிறது. நிறைந்துவிட்டது என்றேன். ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்ததா என்று கேட்டார். சேர்ந்தது என்றேன். பேக்டரிக்குத் தண்ணீர் குறைந்தால் துரை சத்தம் போடுவார் என்று அவர் கவலைப்பட்டார். அப்போதுதான் எனக்குப் புரிந்தது, இவர் நிற்கும் வருடம் வேறு, நான் நிற்கும் வருடம் வேறு என்று.

கொஞ்ச நேரம் கழித்து அவர் ஒரு கல்லை எடுத்துக் குழாயில் மூன்று தட்டினார். குனிந்து காதை இரும்பில் வைத்துக் கண்ணை மூடிக்கொண்டார். அந்த முகத்தை நான் மறக்கவில்லை. அத்தனை கவனம். கீழேயிருந்து பதில் வந்திருக்க வேண்டும், முகம் மலர்ந்தது.

“கிட்டிச்சு,” என்றார். “கீழ ஒரு புள்ள இருக்கு. ஒருநாளும் தவறாது. யாரு பெத்த புள்ளையோ, நல்லாருக்கட்டும்.”

வால்வை மூடி, சாவியைத் தோளில் போட்டுக்கொண்டு எங்களுக்கு முன்னால் இறங்கிப் போனார். ஒரு வேரில்கூட அவர் கால் இடறவில்லை.

காலனியில் அவர் எந்த வீட்டுக்குள் போகிறார் என்று பின்னாலேயே போய்ப் பார்த்தோம். வாசலில் நின்றிருந்தது, அன்றைக்குக் குழாயடியில் செம்பு தேய்த்த பெண். அவர் அவளைத் தாண்டி, சுவரை ஒட்டி, அந்நியர் வீட்டுக்குள் போகிறவரைப் போலக் கூச்சத்தோடு உள்ளே போனார். அவள் எங்களைக் கண்டதும் கையைப் பிசைந்துகொண்டு நின்றாள். பயப்பட வேண்டாம் அக்கா, நான் தமிழ்க்காரிதான் என்றேன். அது எப்படி ஆறுதலாகும் என்று தெரியவில்லை, ஆனால் அவள் ஒரு ஸ்டூலை எடுத்துப் போட்டாள்.

அவர் அவளுடைய கணவர், இறந்துபோனதாகப் பிட்டர் நினைத்திருந்த அந்த வால்வுக்காரர். ஓய்வுபெற்று ஏழெட்டு வருடத்தில் மறதி தொடங்கியது. பெயர்கள் போயின, மகள் போனாள், கடைசியில் மனைவியும் போனாள். வீட்டுக்குள் ஒரு வேற்றுப்பெண் இருக்கிறாள் என்று பயந்து, அவள் கொடுக்கும் கஞ்சியை மோந்து பார்த்துவிட்டுத்தான் குடிப்பார். இரண்டு தடவை வீட்டைவிட்டு ஓடினார். இரண்டு தடவையும் அந்த ஓடைத் தடுப்பின் பக்கத்தில்தான் கண்டுபிடித்தார்கள். எஸ்டேட் காலத்து வால்வு அங்கே இன்னும் திரும்பியது. அதைத் திறந்து மூடிவிட்டு வந்தால் அன்றைக்கு முழுதும் அமைதியாக இருப்பார் என்று கண்டதும், அவள் தடுப்பதை விட்டுவிட்டாள். நாங்கள் பம்ப் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்த காலத்திலும் ஓடைத் தண்ணீர் தினமும் அதே குழாயில் வந்து கலந்துகொண்டுதான் இருந்தது. எங்கள் யாருக்கும் தெரியாது. காலனி முழுவதற்கும் தெரியும். அவருக்காக யாரும் வாய் திறக்கவில்லை.

தட்டுவது யார் சொல்லிக்கொடுத்தது என்று கேட்டேன்.

அவள் முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டாள். பிறகு சொன்னாள். “கல்யாணத்துக்கு முன்னாலயே நான்தான் தட்டுவேன். அப்பம் எனக்குப் பதினாறு வயசு. இவுக மேல, நான் கீழ. மூஞ்சியே பாத்ததில்ல கேட்டீங்களா. ஒருநாள் காய்ச்சல்ல படுத்துட்டேன், வேற யாரோ தட்டியிருக்காவ. தட்டு மாறிருக்குன்னு சொல்லி மலையிலேந்து எறங்கி வந்துட்டாக.”

உள்ளே அவர் இருமினார். அவள் குரலைத் தாழ்த்தினாள்.

“இப்ப வீட்டுக்குள்ள என்னப் பாத்தாப் பயம். பைப்புல மட்டுந்தான் என்னத் தெரியும்.”

சட்டப்படி நான் அந்த லைனை அன்றே துண்டித்திருக்க வேண்டும். செய்யவில்லை. தண்ணீரைப் பாட்டிலில் பிடித்துப் பரிசோதனைக்கு அனுப்பினேன். பெரிய குற்றமில்லை என்று வந்தது. இருந்தாலும் குடிக்க மீட்டர்த் தண்ணீர், துவைக்க மட்டும் இது என்று பெண்களிடம் உறுதி வாங்கிக்கொண்டேன். குழாயைப் பிடுங்கும் பணி மழை முடியும் வரை ஒத்திவைக்கப்படுவதாகக் குறிப்பு எழுதினேன். பிட்டர் அதைப் படித்துவிட்டு முத்திரையை எடுத்துக் கொடுத்தார்.

துலா மழையின் நடுவில் வால்வுக்காரர் வீட்டு முற்றத்தில் வழுக்கி விழுந்து இடுப்பு முறிந்தது. நகரத்துப் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். மனைவியும் கூடவே போய்த் தங்கிவிட்டாள். அன்று மத்தியானமே நானும் பிட்டரும் மலையேறி, ஓடை வால்வை இறுக மூடி, குழியின் மேல் இரும்பு மூடியைப் போட்டு, பூட்டினோம். மழைக்காலத்தில் பிள்ளைகள் யாரும் விழுந்துவிடக் கூடாதே என்றுதான். பூட்டின் சாவி என் கைப்பையில், வால்வு சாவி பிட்டரிடம்.

ஐந்தாறு நாள் கழித்து காலனிப் பெண் ஒருத்தி சந்தையில் என்னைக் கண்டதும், யாரை வைத்துத் திறக்கிறீர்கள் என்று கேட்டாள். எதை என்றேன். “பைப்புல காலைல வெள்ளம் வருதே,” என்றாள்.

மறுநாள் வியாழக்கிழமை. தேதி எதுவும் நினைவில்லை, கிழமை நினைவிருக்கிறது. பிட்டர் லீவில் இருந்தார். கம்பியை எடுத்துக்கொண்டு தனியாகப் போனேன். மழை விட்டிருந்தது. குழாயடியில் யாருமே இல்லை. மூன்று வாளிகளை வரிசையாக வைத்துவிட்டுப் பெண்கள் வீட்டுக்குள் இருந்தார்கள். அவர்களுக்கும் பக்கத்தில் நிற்க மனமில்லை போலிருக்கிறது. ஏழுக்குக் கால் மணி இருக்கும்போது குழாய் செருமியது. மூச்சு விட்டது. தண்ணீர் விழுந்தது. நானே ஒவ்வொரு வாளியாக நகர்த்தி வைத்தேன்.

மூன்றாவது நிறைந்ததும் கம்பியைத் தண்டில் ஊன்றிக் காதை வைத்தேன். வெகுநேரம் தண்ணீர் மட்டும். பிறகு மேலேயிருந்து மூன்று தட்டல்.

நான் அசையவில்லை. கொஞ்சம் பொறுத்து மறுபடியும் மூன்று. இந்தத் தடவை அவசரமாக இருந்ததாக எனக்குத் தோன்றியது. தண்ணீர் வாளி வழிந்து மேடையில் பரவி என் செருப்பை நனைத்தது. மூன்றாம் தடவை தட்டல் வந்தபோது என்னால் தாங்க முடியவில்லை. குனிந்து ஒரு கல்லை எடுத்தேன். மூன்று தட்டினேன்.

ஓட்டம் மெலிந்தது, சொட்டியது, நின்றது.

மேலே ஏறிப் பார்க்காமல் விட்டால் அப்புறம் அந்த ஊரில் வேலை பார்க்க முடியாது என்று தோன்றியது. காலனியிலிருந்து ரப்பர் வெட்டப் போகும் இரண்டு பேரைத் துணைக்கு அழைத்துக்கொண்டு போனேன். பூட்டு தொங்கிக்கொண்டிருந்தது. இரும்பு மூடியின் மேல் உதிர்ந்த தேயிலைப்பூக்கள் ஈரத்தில் ஒட்டிக் கிடந்தன. மூடிக்கும் பக்கத்துக் கல்லுக்கும் நடுவே ஒரு சிலந்தி வலை, பனித்துளியோடு, அறுபடாமல். சேற்றில் எங்கள் காலடி தவிர வேறு காலடி இல்லை.

ஓவர்சியராக எனக்குக் காரணங்கள் தெரியும். மழையில் ஓடை பெருகியிருந்தது. தேய்ந்த வால்வு எவ்வளவு இறுக்கினாலும் கசியும். இரும்புக் குழாயில் காற்று அடைபட்டால் தட்டுவதுபோல் சத்தம் வரும். புத்தகத்தில் இருக்கிறது. யாராவது கேட்டால் அதைத்தான் சொல்வேன். மூன்று மூன்றாக ஏன் தட்ட வேண்டும் என்பது அந்தப் புத்தகத்தில் இல்லை.

வெள்ளிக்கிழமை லீவு போட்டு ஆஸ்பத்திரிக்குப் போனேன். பொது வார்டில் சுவரோரக் கட்டில். அவர் கண்ணை மூடிக் கிடந்தார். மிகவும் சுருங்கிப்போயிருந்தார். அக்கா பிளாஸ்டிக் கூடையைக் காலடியில் வைத்துக்கொண்டு ஸ்டூலில் உட்கார்ந்திருந்தாள். குழாய் விஷயத்தைச் சொல்வதா வேண்டாமா என்று நான் யோசித்துக்கொண்டிருக்கும்போதே அவள் பேச ஆரம்பித்தாள். அவர் யாரோடும் பேசுவதில்லையாம். ஆனால் தினமும் காலை ஏழுக்கு முன்னால் கையை நீட்டிக் கட்டிலின் இரும்புக் கம்பியில் மூன்று தட்டுகிறாராம். இவள் மறுபக்கக் கம்பியில் மூன்று தட்டினால்தான் கையை இறக்குவார். நர்ஸுகளுக்கும் அது பழகிவிட்டது.

“நேத்து மட்டும் தவறிட்டு,” என்றாள். “சுடுவெள்ளம் பிடிக்கப் போனேன், கீழ கியூ. ஓடி வந்து பாத்தா அடுத்த கட்டிலுக்குத் தொணை இருக்கவ சொல்லுதா, மூணு வாட்டி தட்டினாக, பதிலில்லாமத் தவிச்சுக்கிட்டுக் கெடந்தாக, அப்பறம் என்னமோ கேட்ட மாதிரி சிரிச்சிட்டுக் கைய எறக்கிட்டாகன்னு.”

நேற்று வியாழக்கிழமை.

நான் சொல்லிவிட்டேன். சொல்லாமல் இருக்க முடியவில்லை. காலனிக்குப் போனது, தண்ணீர் வந்தது, மூன்றாம் தடவை நான் கல்லை எடுத்தது, பூட்டு, சிலந்தி வலை எல்லாவற்றையும். அவள் பயப்படுவாள் என்று நினைத்தேன். அவள் என் வலது கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள்.

“நல்லவேள தட்டினீங்க,” என்றாள். “இல்லேன்னா அங்கயே நிப்பாக.”

அவர் அடுத்த செவ்வாய்க்கிழமை, மத்தியானம், தூக்கத்தில் போனார். மலையடிவாரத்தில் மழைக்கு நடுவே அடக்கம் செய்தார்கள். பிட்டர் வால்வு சாவியைக் கொண்டுவந்து குழிக்குப் பக்கத்தில் நின்றார். ஆனால் அதை என்ன செய்வதென்று தெரியாமல் திரும்ப எடுத்துக்கொண்டு போனார். மறுநாளிலிருந்து குழாயில் தண்ணீர் வரவில்லை. மழை இன்னும் பலமாகத்தான் பெய்தது. ஓடை இன்னும் பெருகித்தான் ஓடியது. நான் தொடர்ந்து ஒன்பது காலைகள் போய்ப் பார்த்தேன். காற்றுகூட வரவில்லை.

மழை முடிந்ததும் குழாயைப் பிடுங்கினோம். காலனிப் பெண்கள் எல்லோரும் வாசலில் நின்றார்கள். அக்கா வரவில்லை. சில மாதங்களில் ரோடு அகலமாக்க வந்த இயந்திரம் மலைவரை இருந்த இரும்பையெல்லாம் தோண்டிப் போட்டது. வரைபடத்தில் இல்லாத லைன் என்பதால் அதை நீக்கியதாக எங்கும் எழுத வேண்டியிருக்கவில்லை. எனக்கும் ஊர்ப்பக்கம் மாற்றல் கிடைத்தது.

இரண்டு வருடம் கழித்து, என் மகள் திருவனந்தபுரத்தை ஒட்டிய கழக்கூட்டத்தில் ஒரு சாப்ட்வேர் ஆபீஸில் வேலைக்குச் சேர்ந்தபோது அவளைப் பார்க்கப் போனேன். அக்காவும் அங்கேதான் இருக்கிறாள் என்று தெரிந்திருந்தது. அவளுடைய மகள் அங்கே ஒரு கேன்டீனில் வேலை பார்த்தாள். ஏழாவது மாடியில் வாடகைக்கு இரண்டு அறை. போய்ப் பார்த்தேன். இளைத்திருந்தாள், நல்ல சேலை கட்டியிருந்தாள். காப்பி போடுகிறேன் என்று அடுப்படிக்குப் போய்க் குழாயைத் திறந்தாள். தண்ணீர் உடனே, சத்தமில்லாமல் விழுந்தது. பாத்திரம் நிறைந்தபிறகும் அவள் மூடாமல் பார்த்துக்கொண்டு நின்றாள்.

“இது எங்கேருந்து வருது?” என்று கேட்டாள்.

டேங்கர் லாரி கொண்டுவந்து கீழே தொட்டியில் ஊற்றும், மோட்டார் மேலே ஏற்றும் என்றேன்.

“தொறக்கது யாரு?”

தானாகவே நடக்கும், ஆள் வேண்டாம் என்றேன். அவள் நம்பாமல் என்னைப் பார்த்தாள். பிறகு குழாயை மூடிவிட்டு, காப்பிக்குச் சர்க்கரை எவ்வளவு என்று கேட்டாள்.